கேமராவுக்கு ஒரு ஜாமீன்தாரர்

வங்கியில் வேலை பார்ப்பவனிடம் சொந்தக்காரர்கள் கேட்பது வழக்கமாக ஒரே கேள்விதான். "இப்ப டெபாசிட்டுக்கு என்ன வட்டி?" கொஞ்ச நாளாக எனக்கு இரண்டாவதாக ஒரு கேள்வியும் வருகிறது. "பெரிய லென்ஸ் வாங்கிட்டேன், அதுக்கு எந்த முக்காலி வாங்கலாம்?" நான் பறவை படம் எடுப்பது உறவு வட்டத்தில் பரவிவிட்டதன் பலன். ஒவ்வொருத்தருக்கும் போனில் அரை மணி நேரம் விளக்குவதற்குப் பதில் இங்கே மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன்.

முக்காலி என்றதும் உட்காருகிற முக்காலியை நினைப்பவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. "ரெண்டு கையால பிடிக்கத்தானேங்க கேமராவைச் செஞ்சிருக்கான், அதுக்கு எதுக்கு மூணு கால்?" என்று தங்கமணி கேட்டார். நியாயமான கேள்வி. பதிலை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி500 கேமராவும் 200-500 மி.மீ. லென்ஸும். இரண்டுமே செகண்ட் ஹேண்ட். லென்ஸ் 2015-ல் வந்தது, கேமரா 2016-ல். அந்தக் கேமராவின் தயாரிப்பை 2022-ல் நிறுத்திவிட்டார்கள். நம் தேவைக்கு அது ஒரு குறையே இல்லை. பாட்டரியோடு கேமரா 860 கிராம், காலரோடு லென்ஸ் 2,300 கிராம். ஆக 3.2 கிலோ. மளிகைக் கடையில் மூன்று கிலோ அரிசியைத் தூக்கி வருவது பெரிய விஷயமில்லை. அதே அரிசியைக் கண்ணுக்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு மீன்கொத்தி எப்போது தண்ணீரில் பாயும் என்று இருபது நிமிடம் நின்று பாருங்கள். அப்புறம் தெரியும்.

எடையை விடப் பெரிய பிரச்சினை ஆட்டம். இதை எண்ணிலேயே சொல்கிறேன், நமக்கு எண் இல்லாமல் ஓடாது :) இந்தக் கேமராவில் 500 மி.மீ. வைத்தால் தெரிகிற காட்சியின் அகலம் மூன்று டிகிரி கூட இல்லை. படத்தில் குறுக்குவாட்டில் 5,568 புள்ளிகள். கேமரா ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் படம் சுமார் 200 புள்ளி தள்ளிப் போய்விடும். அதே அசைவு, கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுக்கிற 18 மி.மீ. லென்ஸில் வெறும் ஏழெட்டுப் புள்ளிதான். சின்ன லென்ஸ் நம் நடுக்கத்தை மன்னித்துவிடும். பெரிய லென்ஸ் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

நடுக்கம் என்று சும்மா சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத முடியாது.

எனக்கு 44 வயதில் கை ஆட ஆரம்பித்தது. முதலில் கவனித்தது நானில்லை, கிளையில் எனக்குக் கீழே இருக்கும் அதிகாரி. "சார், நேத்து போட்ட கையெழுத்தும் இன்னிக்குப் போட்டதும் ஒரே மாதிரி இல்லையே" என்று இந்தியில் தயங்கித் தயங்கிச் சொன்னார். வங்கி அதிகாரிக்குக் கையெழுத்து என்றால் என்னவென்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். ராஜ்கோட்டில் நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். கையை நீட்டச் சொன்னார், பேப்பரில் சுருள் வரையச் சொன்னார், நிறைந்த டம்ளர் தண்ணீரைத் தூக்கச் சொன்னார். பார்க்கின்சன் இல்லை என்றார். அதில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது ஆடும். எனக்கு எதையாவது பிடிக்கும்போதும் நீட்டும்போதும்தான் ஆடுகிறது. எசென்ஷியல் ட்ரெமர் என்று பெயர். பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். தூக்கம் கெட்டாலும், பதற்றம் வந்தாலும், காபி அதிகமானாலும் கூடும். "உயிருக்கு ஒண்ணும் ஆகாது, தொல்லைதான்" என்றார்.

பரம்பரை என்றதும் எனக்கு அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். (கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஆரம்பப் பள்ளி வாத்தியார், 34 வருட சர்வீஸ். கடைசிக் காலத்தில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் காபி குடிப்பார். ஒரு வருடம் பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போனபோது கையெழுத்து ஒத்துப்போகவில்லை. மூன்று தடவை போடச் சொன்னார்கள். பின்னால் வரிசை நின்றது. ஒவ்வொரு தடவையும் முன்னதை விட மோசமாக வந்தது. கடைசியில் கவுண்டரில் இருந்தவர் மை டப்பாவை நகர்த்தி, "கைநாட்டு வச்சுருங்க, பெரியவரே" என்றார். எத்தனையோ பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த கை. அப்பா வைத்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை.

எது வங்கி, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். கவுண்டரில் இருந்தவரும் விதிப்படிதான் செய்திருப்பார். அதற்கப்புறம் அப்பா என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மணிக்கட்டுக்குக் கீழே ஒரு நோட்டை இரண்டாக மடித்து வைத்து, அதில் கையைச் சாய்த்துக் கையெழுத்துப் போட்டுப் பழகினார். பழைய கையெழுத்து திரும்பி வந்தது. நூறு சதவீதம் இல்லை, அடையாளம் தெரிகிற அளவுக்கு.

இன்றைக்கு என் கிளைக்குக் கை நடுங்குகிற பெரியவர் யார் வந்தாலும், கவுண்டரில் நிற்க வைத்துக் கையெழுத்து வாங்க மாட்டேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலி, மேசை, மணிக்கட்டுக்குக் கீழே ஒரு பழைய லெட்ஜர், ஒரு டம்ளர் தண்ணீர், அவசரமில்லை என்று ஒரு வார்த்தை. பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கையெழுத்து வந்துவிடுகிறது. பெரும்பாலும் அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு தாங்கல்தான்.

கொசுவத்தி முடிந்தது. முக்காலிக்கு வருவோம்.

நான் இருப்பது ஜாம்நகரில். ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கிஜடியா பறவைகள் சரணாலயம். நடுவில் மண் கரை. கரைக்கு ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் கட்ச் வளைகுடாவின் உப்புத் தண்ணீர். அதனால் இரண்டு வகைப் பறவைகளையும் ஒரே காலையில் பார்க்கலாம். குளிர்காலத்தில் பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், கொக்கு வகைகள் என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். இது ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2022-ல் அறிவித்தார்கள். நம்ம கூந்தன்குளத்துக்கும் வேடந்தாங்கலுக்கும் அதே வருடம்தான் அறிவிப்பு வந்தது. சின்ன வயதில் கூந்தன்குளத்தில் அப்பாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து பார்த்த அதே ஜாதிப் பறவைகளை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கும். வெளியூரில் நம்ம ஊர் பஸ்ஸைப் பார்த்த மாதிரி.

இடத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கே நிற்கப் போகிறது என்று தெரியாமல் முக்காலி வாங்கக் கூடாது. இங்கே காற்று பலமாக அடிக்கும். சௌராஷ்டிரக் கடலோரத்தில் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்தால் ஆரல்வாய்மொழி தாண்டிப் போகிற மாதிரியே இருக்கும். போதாக்குறைக்குக் காலடியில் உப்புச் சேறு. மலையேறுகிறவருக்கும் கோயில் கோபுரம் எடுக்கிறவருக்கும் தேவையான முக்காலி வேறு. கிஜடியா கரையில் நிற்கப் போகிற முக்காலி வேறு.

கடன் மனுவை ஆராய்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தாங்கும் எடை என்கிற எண்

பெட்டியில் 'அதிகபட்சம் 12 கிலோ தாங்கும்' என்று போட்டிருப்பார்கள். இது கடன் கேட்பவர் தானே எழுதிக் கொடுக்கிற வருமானக் கணக்கு மாதிரி. பொய் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒரே முறையில் அளந்து போட வேண்டும் என்ற பொதுவான விதி கிடையாது. ஒருவருக்குத் 'தாங்கும்' என்றால் ஆடாமல் நிற்கும், இன்னொருவருக்கு உடையாமல் நிற்கும். நமக்கு வேண்டியது ஆடாமல் நிற்பது. அதனால் நம் சாமானின் எடையைப் போல் இரண்டு மடங்காவது, முடிந்தால் மூன்று மடங்கு போட்டிருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். எந்தக் கடனுக்கும் மார்ஜின் வைப்பதில்லையா, அந்த மாதிரி.

பலர் விட்டுவிடுகிற ஒரு கணக்கு: முக்காலியின் 'தலை' தனி, கால் தனி. காலுக்குத் தலையும் சுமைதான். என் சாமான் 3.2 கிலோ, தலை 1.4 கிலோ. கால் தாங்க வேண்டியது 4.6 கிலோ.

2. காலின் தடிமன்

எடை எண்ணை விட நம்பகமான சாட்சி இது. காலின் மேல் குழாய் எத்தனை மி.மீ. விட்டம் என்று கேளுங்கள், விற்பவருக்குத் தெரியாவிட்டால் அளந்து பாருங்கள். குழாயின் சுவர்த் தடிமன் அதேதான் என்று வைத்துக்கொண்டால், விட்டம் இரட்டிப்பானால் வளையாமல் நிற்கும் திறன் எட்டு மடங்காகும். கொஞ்சம் தடித்த கால் நிறைய உறுதி என்பதன் காரணம் இதுதான். 500 மி.மீ. லென்ஸுக்கு மேல் குழாய் 28 மி.மீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 32 இருந்தால் இன்னும் நிம்மதி.

கால் எத்தனை துண்டுகளாக நீள்கிறது என்பதும் முக்கியம். ஒவ்வொரு துண்டும் மேலே இருப்பதை விட ஒல்லி. ஐந்து துண்டு முக்காலி மடித்தால் கைப்பைக்குள் போகும், ஆனால் கடைசித் துண்டு அகர்பத்தி மாதிரி இருக்கும். மூன்று துண்டு மடித்தாலும் நீளம்தான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். பரவாயில்லை, மூன்றே நல்லது.

3. உயரம்: நடுத்தண்டை மறந்துவிடுங்கள்

நிறைய முக்காலிகளில் நடுவில் ஒரு தண்டு உண்டு, உயர்த்தினால் உயரம் கூடும். விளம்பரத்தில் போடுகிற உயரம் அதையும் சேர்த்துத்தான். ஆனால் தண்டை உயர்த்திய நிமிடத்தில் மூன்று கால் ஒற்றைக்கால் ஆகிவிடுகிறது. கனமான லென்ஸ் அதன் உச்சியில் உட்கார்ந்து தலையாட்டும். எனவே தண்டை இறக்கிய நிலையில் என்ன உயரம் என்பதை மட்டும் பாருங்கள். தண்டே இல்லாத முக்காலிகளும் உண்டு. அவை இன்னும் உறுதி, விலையும் அதிகம்.

கணக்கு சுலபம். என் உயரம் 170 செ.மீ., கண் மட்டம் 158. தலையும் அதன் மேல் கேமராவும் சேர்ந்து கண் வைக்கிற இடம் வரை 28 செ.மீ. எனக்குக் கால் 130 போதும். சரிவில் நின்றால் கீழ்ப்பக்கத்துக் கால் நீள வேண்டும், அதற்கு ஒரு பத்து சேருங்கள். ஆக 140. அதே முக்காலி எவ்வளவு கீழே இறங்கும் என்றும் பாருங்கள். தண்ணீரில் இருக்கும் பறவையை அதன் கண் மட்டத்தில் எடுத்தால்தான் படம் அழகு. காற்று அடிக்கும்போதும் தாழ இருப்பதே பத்திரம்.

4. அலுமினியமா, கார்பனா?

கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், குளிர்காலக் காலையில் தொட்டால் சில்லிடாது. விலைதான் சில்லிட வைக்கும். அலுமினியம் கனம், விலை குறைவு. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவராக இருந்தால் கார்பனுக்குக் காசு கொடுக்கலாம். முதுகுவலி மாத்திரையை விட மலிவு. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் நடக்கிற என்னை மாதிரி ஆளுக்கு அலுமினியமே போதும். காற்றடிக்கிற இடத்தில் கனமும் ஒரு நன்மை.

5. பூட்டு

காலை நீட்டிப் பூட்ட இரண்டு வகை. திருகுவது ஒன்று, மடக்குவது ஒன்று. திருகு வகையில் மரைக்குள் மணலும் உப்பும் போகும், அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மடக்கு வகையில் பூட்டியிருக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரியும். என் கைக்கு மடக்கு வகை சரிப்பட்டது. உங்கள் கைக்கு எது என்பதைக் கடையில் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கை நடுக்கம், மூட்டுவலி உள்ளவர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். விரல் நுனியால் திருகுகிற சின்னத் திருகாணிகள் நமக்கு ஆகாது. உள்ளங்கையில் அடங்குகிற பெரிய குமிழ்கள் வேண்டும்.

6. தலை

பாதிப் பேர் இங்கேதான் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். தலையில் பொதுவாக மூன்று வகை.

கைப்பிடிகளைத் திருகி மேல் கீழ், பக்கவாட்டு என்று தனித்தனியாகத் திருப்புகிற பழைய வகை. கட்டடம், கோபுரம், ஸ்டுடியோவுக்கு அருமை. பறவை அதுவரை காத்திருக்காது.

பந்துத் தலை. ஒரே குமிழைத் தளர்த்தினால் எந்தப் பக்கமும் திரும்பும். சின்ன லென்ஸுக்கு இதை விட வசதி கிடையாது. கனமான லென்ஸை வைத்துக் குமிழைத் தளர்த்தினால், கவனிக்காத நொடியில் லென்ஸ் தலை குப்புறச் சாயும். விரல் நடுவில் இருந்தால் நசுங்கும்.

மூன்றாவது கிம்பல். இதை விளக்க நமக்கு வெளிநாட்டு உதாரணம் வேண்டாம், தொட்டில்தான். லென்ஸ் மேலே உட்காராமல் பக்கவாட்டுக் கையில் தொட்டில் மாதிரித் தொங்குகிறது. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலை பார்த்துவிட்டால், பூட்டைத் திறந்து கையை எடுத்தாலும் விட்ட இடத்தில் நிற்கும். ஒரு விரலால் திருப்பலாம். 3.2 கிலோ இருப்பதே தெரியாது. 500 மி.மீ. வைத்துப் பறவை எடுப்பவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். முதல் முறை கையை எடுத்தபோது லென்ஸ் அப்படியே நின்றது. என் கை ஆடிக்கொண்டிருந்தது, லென்ஸ் ஆடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் சும்மா நின்றேன்.

இரண்டு எச்சரிக்கை. கனமான லென்ஸை முக்காலியில் மாட்டும்போது லென்ஸின் காலரில் உள்ள பாதத்தைத்தான் மாட்ட வேண்டும், கேமராவின் அடியை அல்ல. அந்தப் பாதத்தில் ஆர்க்கா-ஸ்விஸ் வகைத் தகடு ஒன்றைப் பொருத்துங்கள், பெரும்பாலான கிம்பல்களில் அது சேரும். தகட்டின் இரண்டு முனையிலும் சின்னத் தடுப்புத் திருகு இருக்கட்டும். பூட்டு லேசாகத் தளர்ந்தாலும் லென்ஸ் வழுக்கி விழாது.

7. கடையில் செய்ய வேண்டிய பரீட்சை

அகமதாபாத்தில் மீட்டிங் இருந்த ஒரு வாரத்தில் கடையில் நேரில் பார்த்து வாங்கினேன். சொந்தக் கேமராவையும் லென்ஸையும் தூக்கிக்கொண்டு போனேன். காலை முழுக்க நீட்டி, தண்டை இறக்கி, கேமராவை மாட்டுங்கள். திரையில் தூரத்துப் போர்டின் எழுத்து ஒன்றை முழுப் பெரிதாக்குங்கள். லென்ஸின் நுனியை விரலால் ஒரு தட்டுத் தட்டி, எழுத்து ஆடி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுங்கள். ஒன்று சொல்வதற்குள் அடங்கினால் நல்ல முக்காலி. மூன்று வரை எண்ண முடிந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். தங்கம் உரசிப் பார்க்காமல் நகைக்கடன் கொடுக்கிறோமா?

நான் எடுத்தது மான்ஃப்ரோட்டோ 055, அலுமினியம், மூன்று துண்டுக் கால். எடை இரண்டரை கிலோ, தாங்கும் எடை 9 கிலோ என்று போட்டிருந்தது. 4.6 கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்டு இல்லாமலே 140 செ.மீ. அதன் மேல் ஒரு கிம்பல். இதை விட உறுதியானவை இருக்கின்றன. என் பட்ஜெட்டுக்குள் பரீட்சையில் பாஸானது இது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் போட்ட தொகையில் கால் பங்கு இதற்கு ஆனது. கூடுதல் என்று நினைப்பீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் ஒல்லியான முக்காலியில் புது லென்ஸை வைத்துவிட்டு டீ குடிக்கத் திரும்பினார். காற்று ஒரு தள்ளு தள்ளியது. லென்ஸ் ரிப்பேருக்கு ஆன செலவில் நல்ல முக்காலி ஒன்று வாங்கியிருக்கலாம் என்று அவரே சொல்கிறார்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம். மூன்று கால்களில் ஒன்று லென்ஸ் பார்க்கிற திசையில் இருக்கட்டும், நாம் மற்ற இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம். காற்றடித்தால் நடுவில் பையைத் தொங்கவிடுங்கள், ஆனால் அது தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அந்தரத்தில் ஆடுகிற பை முக்காலியையும் சேர்த்து ஆட்டும். உப்புச் சேற்றில் நின்றுவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, நீட்டி வைத்து நிழலில் காயவிடுங்கள். எங்கள் பால்கனியில் ஞாயிறு மதியம் துணியோடு முக்காலியும் காயும். பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மா சர்வே ஆபீஸ் வேலை என்றே வெகுநாள் நினைத்திருந்தார் :)

முக்காலி செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். பறக்கிற பறவையின் அசைவை அது நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம்தான், 1/2000 மாதிரி. அங்கே முக்காலி சுமையை மட்டும் தாங்கும். வண்டிக்குள்ளிருந்து எடுப்பதானால் முக்காலியே வேண்டாம். ஒரு துணிப்பையில் கம்பை நிரப்பி ஜன்னலில் போட்டு அதன் மேல் லென்ஸை வையுங்கள். கம்பு இங்கே தாராளமாகக் கிடைக்கும். டிரான்ஸ்ஃபர் வந்தால் கம்பை ரொட்டியாக்கிவிட்டுப் பையை மட்டும் எடுத்துப் போகலாம். கூட்டமான இடத்தில் ஒற்றைக்கால் போதும்.

ஆனால் விடியற்காலை ஏழு மணிக்கு, வெளிச்சம் பாதிதான் வந்திருக்கும்போது, தண்ணீரோரத்தில் ஒரு நாரை அசையாமல் நிற்கும். வெளிச்சம் போதாததால் ஷட்டர் வேகத்தை 1/60-க்கு இறக்க வேண்டியிருக்கும். அந்தப் படம் என் கையால் வராது. நடுக்கமே இல்லாத நல்ல கைக்கே கஷ்டம். முக்காலியில் வருகிறது. போன தை மாதம் எடுத்த ஒரு மஞ்சள் மூக்கு நாரையின் கண்ணில் கரையோரத்துப் புல் தெரிகிறது.

கை ஆடத் தொடங்கியதும் நாற்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு வாங்கியதை விற்றுவிடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். அந்த மாதம்தான் அப்பாவின் மடித்த நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. உங்கள் வீட்டில் கை நடுங்குகிற யாராவது தைக்கிறதையோ, எழுதுகிறதையோ, கோலம் போடுகிறதையோ விட்டுவிட்டதாகச் சொன்னால், முதலில் கைக்கு ஒரு தாங்கல் கொடுத்துப் பாருங்கள். டாக்டரையும் பாருங்கள்.

குளிர்காலத்தில் ஜாம்நகர் பக்கம் யாராவது வந்தால் சொல்லிவிட்டு வாருங்கள். முக்காலி வாங்குவதற்கு முன்னால் என்னுடையதில் உங்கள் லென்ஸை மாட்டித் தட்டிப் பார்க்கலாம். தங்கமணி கையால் ஃபில்டர் காபி உண்டு. எனக்கு மட்டும் அரை டம்ளர், டாக்டர் உத்தரவு.